பி.எம்.எஸ்.ஜி. குப்பியில் அச்சிட்டிருக்கும் 1000 அலகை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: செம்மறி_சேலம்

அனைவருக்கும் வணக்கம். சேலம் மாவட்டத்தில் மேச்சேரி இனச் செம்மறியாடுகளை வளர்க்கும் சில பண்ணைகளுக்குக் கால்நடை மருத்துவராகச் சென்று வருகிறேன். பெட்டை ஆடுகளை ஒரே நேரத்தில் பருவத்துக்குக் கொண்டுவருவதற்காக, புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்து ஏற்றிய பஞ்சை யோனிக்குள் வைத்து, ஏறத்தாழ 12 நாள்கள் கழித்து அதை வெளியே எடுக்கும்போதே பி.எம்.எஸ்.ஜி. ஊசியைப் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். சினைக் குதிரையின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் இந்த ஹார்மோனை இப்போதைய நூல்கள் ஈ.சி.ஜி. என்று குறிப்பிடுகின்றன.

ஒரு பேட்ச் மருந்து தீர்ந்து அடுத்த பேட்ச்சைத் திறந்ததிலிருந்து பலன் கண்கூடாகக் குறைந்திருக்கிறது. இரண்டும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு; இரண்டிலும் 1000 ஐ.யு. (சர்வதேச அலகு) என்றே அச்சிடப்பட்டிருக்கிறது, இரண்டுக்கும் காலாவதி ஆக இன்னும் காலம் இருக்கிறது. பண்ணையாளர்கள் "மருந்தில் வீரியம் இல்லை" என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். நான் அதை மறுக்கவும் முடியவில்லை, ஆமோதிக்கவும் முடியவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை மூன்று. இந்த அலகு எப்படிக் கணக்கிடப்படுகிறது, அதில் எவ்வளவு ஏற்றத்தாழ்வு அனுமதிக்கப்படுகிறது? தெரிந்த ஆய்வகம் ஒன்றில் எலிசா முறையில் (எதிர்ப்பான்களைக் கொண்டு ஒரு பொருளை அளக்கும் சோதனை) ஹார்மோனின் அளவைப் பார்த்துத் தருவதாகச் சொல்கிறார்கள், அது போதுமா? போதாது என்றால், ஒரு பண்ணை மருத்துவர் முறைப்படி யாரை அணுக வேண்டும்?

பதில்: ஆய்வகம்_ஓய்வு

வணக்கம் டாக்டர். ஹார்மோன் மருந்துகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கும் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் குப்பியில் இருக்கும் அந்த எண்ணை மில்லிகிராமைப் போன்ற ஓர் எடையாக நினைத்துக்கொள்வதிலிருந்துதான் பெரும்பாலான குழப்பங்களும் தொடங்குகின்றன.

1930-ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் டேவிஸில் ஹெரால்டு கோல், ஜார்ஜ் ஹார்ட் என்ற இருவர் சினைக் குதிரைகளின் இரத்த ஊநீரை (சீரம்) பருவமடையாத பெண் எலிகளுக்குச் செலுத்தியபோது, அந்த எலிகளின் சூலகங்கள் பருத்துவிட்டதைக் கண்டார்கள். இந்த ஹார்மோன் இருப்பதே அப்படித்தான் தெரியவந்தது. அதே எலிச் சூலகம்தான் பின்னர் அதன் அளவுகோலாகவும் ஆனது. தொடக்கத்தில் ஒவ்வோர் ஆய்வகமும் தன் எலிகளை வைத்துத் தனக்கென ஓர் "எலி அலகை" வகுத்துக்கொண்டது. எலியின் இனம், வயது, தீவனம் ஆகியவற்றைப் பொறுத்து அந்த அலகு இடத்துக்கு இடம் மாறியதால், ஓர் ஊரின் 100 அலகு வேறோர் ஊரின் 100 அலகுக்குச் சமமாக இருக்கவில்லை. ஆகவே 1930-களின் இறுதியில், உலகுக்கெல்லாம் பொதுவாக ஒரு தூளை ஒப்பீட்டுத் தரமாதிரியாக வைத்து, அதில் 0.25 மில்லிகிராமுக்கு உள்ள செயல்திறனே பி.எம்.எஸ்.ஜி.யின் ஒரு சர்வதேச அலகு என்று முடிவு செய்தார்கள். அந்த முதல் தூள் தீர்ந்த பிறகு வந்த தரமாதிரிகள் அனைத்தும் முந்தையதோடு ஒப்பிடப்பட்டு, சங்கிலிபோல் அதே அலகைச் சுமந்து வருகின்றன.

சோதனையை மேசையில் எப்படிச் செய்கிறோம் என்பதையும் சொல்கிறேன். ஏறத்தாழ மூன்று வார வயதுடைய, எடையில் அதிக வேறுபாடு இல்லாத பெண் எலிக் குட்டிகளைக் குலுக்கல் முறையில் ஆறு குழுக்களாகப் பிரிப்போம். மூன்று குழுக்களுக்குத் தரமாதிரியை மூன்று வெவ்வேறு அளவுகளிலும், மற்ற மூன்று குழுக்களுக்குச் சோதிக்க வேண்டிய மருந்தை அவ்வாறே மூன்று அளவுகளிலும் செலுத்துவோம். குறித்த நாளில் சூலகங்களை எடுத்து, சுற்றியிருக்கும் கொழுப்பையும் சவ்வையும் பூதக்கண்ணாடியின் கீழ் நீக்கி, வடிதாளில் ஒற்றி எடுத்து, உடனே எடை போடுவோம். மருந்து பெறாத குட்டியின் இரு சூலகங்களும் சேர்ந்தே 20 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும் என்பதால், ஒட்டியிருக்கும் ஒரு துணுக்குக் கொழுப்பும், காற்றில் சில நிமிடங்கள் உலர்ந்துபோகும் ஈரமும் கணக்கையே மாற்றிவிடும். ஆகையால் எல்லாக் குழுக்களையும் ஒரே கை, ஒரே முறையில் கையாள வேண்டும் என்பதில் நாங்கள் மிகவும் பிடிவாதமாக இருப்போம்.

பிறகு செலுத்திய அளவின் மடக்கையையும் சூலக எடையையும் வரைபடத்தில் குறித்தால், தரமாதிரிக்கு ஒரு கோடும் மருந்துக்கு ஒரு கோடும் கிடைக்கும். இரண்டு கோடுகளும் இணையாக இருந்தால்தான் இரண்டும் ஒரே வகையில் செயல்படுகின்றன என்று பொருள். அப்போது அவற்றுக்கிடையே உள்ள கிடைத் தூரத்திலிருந்து வீரியத்தைக் கணக்கிடலாம். இணையாக இல்லாவிட்டால் கிடைக்கும் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தச் சோதனை செல்லாது.

இனி நீங்கள் கேட்ட ஏற்றத்தாழ்வு. ஐரோப்பிய மருந்துத்தர நூல் இவ்வகை ஹார்மோன்களுக்கு வகுத்துள்ள விதிப்படி, கணக்கிட்ட வீரியம் குப்பியில் குறித்த அளவின் 80 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 125 விழுக்காட்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும்; அந்தக் கணிப்பின் 95 விழுக்காட்டு நம்பிக்கை எல்லைகள் (உண்மையான வீரியம் இருக்கக்கூடிய வரம்பு) 64-க்கும் 156-க்கும் உள்ளே அமைய வேண்டும். இதை உங்கள் ஆட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். 400 ஐ.யு. போடுவதாக நினைத்து நீங்கள் ஊசி போடும்போது, ஒரு பேட்ச்சில் அது 320 ஆகவும் இன்னொரு பேட்ச்சில் 500 ஆகவும் இருக்கலாம். இரண்டுமே சோதனையில் தேறிய மருந்துகள்தாம். முதல் பேட்ச் மேல் எல்லைக்கு அருகிலும் இரண்டாவது பேட்ச் கீழ் எல்லைக்கு அருகிலும் இருந்திருந்தால், யார் மீதும் குற்றம் இல்லாமலேயே பண்ணையில் வித்தியாசம் தெரியக்கூடும். சட்டப்படி தரமான மருந்து என்பதும் உங்கள் மந்தைக்கு ஒரே சீரான மருந்து என்பதும் வேறுவேறு. இதைத்தான் பண்ணையாளர்களிடம் முதலில் விளக்க வேண்டும்.

எலிசா குறித்து: அது ஹார்மோனின் புரத உடலை அடையாளம் காண்கிறது, அவ்வளவுதான். ஈ.சி.ஜி.யின் எடையில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு சர்க்கரைச் சங்கிலிகள். அவற்றின் நுனியில் இருக்கும் சியாலிக் அமிலம்தான், சிறுநீரகமும் கல்லீரலும் இந்த ஹார்மோனை விரைவில் அகற்றிவிடாமல் காத்து, ஒரே ஊசியில் பல நாள்கள் வேலை செய்யும் ஆற்றலைத் தருகிறது. தயாரிப்பின்போதோ சேமிப்பின்போதோ அந்த அமிலம் கழன்றுவிட்டால், கல்லீரல் அந்த மூலக்கூற்றைச் சில நிமிடங்களில் இரத்தத்திலிருந்து அகற்றிவிடும். எலிசா தட்டிலோ அதே மூலக்கூறு முழு அளவில் இருப்பதாகவே காட்டும். அளவு குறைவு என்று எலிசா சொன்னால் அதைக் கவனத்தில் கொள்ளலாம். அளவு சரி என்று அது சொன்னால் வீரியமும் சரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பதில்: ஆய்வுமாணவி

மேலே ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எலியே இறுதித் தீர்ப்பு என்ற எண்ணம் மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சூலகச் செல்களில் எஃப்.எஸ்.எச்.சையும் (சினைமுட்டைப் பைகளை வளர்க்கும் ஹார்மோன்) எல்.எச்.சையும் (சினைமுட்டையை வெளிப்படச் செய்யும் ஹார்மோன்) உணரும் ஏற்பிகளை, வளர்ப்புச் செல்களில் மரபணு வழியாகப் புகுத்தி, ஹார்மோன் சேர்த்ததும் அந்தச் செல்களில் எவ்வளவு சைக்ளிக் ஏ.எம்.பி. (ஏற்பி தூண்டப்பட்டதும் செல்லுக்குள் உருவாகும் சமிக்ஞைப் பொருள்) உண்டாகிறது என்று அளக்கும் முறை பல ஆய்வகங்களில் நடைமுறையில் உள்ளது. எலிசாவைப் போலன்றி இது ஹார்மோன் ஏற்பியை உண்மையிலேயே தூண்டுகிறதா என்று பார்க்கிறது. இதிலும் ஒரு குறை இருப்பதை நான் மறைக்கவில்லை: வளர்ப்புத் தட்டில் கல்லீரல் இல்லை. சியாலிக் அமிலம் இழந்த ஹார்மோன் ஏற்பியோடு நன்றாகவே ஒட்டிக்கொள்ளும் என்பதால், தட்டில் அது வீரியம் மிக்கதாகத் தோன்றி உயிருள்ள விலங்கில் பயனற்றுப் போகலாம். அதனால்தான் செல் சோதனையோடு, மூலக்கூறுகளின் மின்னூட்டத்தைக் கொண்டு சியாலிக் அமிலத்தின் நிலையைப் பார்க்கும் வேதிச் சோதனையையும் இணைக்க வேண்டும் என்கிறோம். இரண்டும் சேர்ந்தால் எலி தரும் விடைக்கு மிக அருகில் வந்துவிடலாம்.

மனித மருத்துவத்தில் இந்த மாற்றம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. மரபணு மாற்றிய செல்களில் தயாரிக்கும் மனித எஃப்.எஸ்.எச். மருந்தான ஃபாலிட்ரோபின் ஆல்ஃபா, அதன் சர்க்கரை அமைப்பு பேட்ச்சுக்கு பேட்ச் மாறாமல் சீராக இருப்பது உறுதியான பின், எலிச் சோதனையின் அடிப்படையில் அல்லாமல் புரத எடையின் அடிப்படையிலேயே குப்பியில் நிரப்பப்படுகிறது. குதிரை இரத்தத்திலிருந்து எடுக்கும் ஈ.சி.ஜி.யில் அந்தச் சீர்மையை எதிர்பார்க்க முடியாது. சினைக் குதிரையின் கருப்பைச் சுவரில், கருவிலிருந்து வந்து பதியும் செல்கள் கிண்ணம்போல் அமைந்து சுமார் 40-ஆம் நாளிலிருந்து இந்த ஹார்மோனைச் சுரக்கின்றன. இரத்தத்தில் அது 60, 70-ஆம் நாள் வாக்கில் உச்சத்தைத் தொட்டு, 120-ஆம் நாளை ஒட்டி மறைந்துவிடுகிறது. குதிரைக்குக் குதிரை சுரக்கும் அளவும் பெரிதும் வேறுபடுகிறது. அப்படிப் பல குதிரைகளின், பல நாள்களின் இரத்தத்தைக் கலந்து எடுக்கும் பொருள் இது.

உருகுவே, அர்ஜென்டினா, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் இதற்காகவே வளர்க்கப்படும் குதிரைகளிடமிருந்து இரத்தம் எடுக்கும் முறை குறித்துக் கடுமையான எதிர்ப்பு எழுந்திருக்கிறது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். செல் வளர்ப்பில் தயாரித்த மறுசேர்க்கை ஈ.சி.ஜி. அர்ஜென்டினாவில் விற்பனைக்கே வந்துவிட்டது. அது பரவும்போது, குதிரைக்கும் எலிக்கும் ஒருசேர விடுதலை கிடைக்கும் வாய்ப்பு உண்டு.

பதில்: ஆய்வகம்_ஓய்வு

மாணவி சொல்வது சரி. ஒன்றை மட்டும் தெளிவுபடுத்துகிறேன்: எலியும்கூட ஆட்டுக்கு நேரடிச் சாட்சி அல்ல. ஈ.சி.ஜி. குதிரையின் உடலில் எல்.எச். போல மட்டுமே செயல்படுகிறது. எலி, ஆடு, மாடு போன்ற பிற விலங்குகளில் எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டின் வேலையையும் செய்கிறது. ஒரே மூலக்கூறு விலங்குக்கு விலங்கு வேறு வேடம் பூணுகிறது என்றால், எலியில் கண்ட அந்த இரு வேலைகளின் விகிதம் அப்படியே செம்மறியில் கிடைக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. நல்ல சுத்திகரிப்பு இருந்தால் விகிதம் பெரிதாக மாறாது என்பதே எங்கள் நம்பிக்கையின் அடிப்படை.

மாடுகளில் கருமாற்றத்துக்காகப் பல சினைமுட்டைகளை உருவாக்கப் பயன்படும் எஃப்.எஸ்.எச்.சுக்கு வேறு முறை உண்டு. 1953-இல் ஸ்டீல்மன், போஹ்லி என்ற இருவர் வகுத்த அம்முறையில், எல்லா எலிகளுக்கும் எச்.சி.ஜி.யை (எல்.எச். போலச் செயல்படும் மனிதக் கர்ப்ப ஹார்மோன்) தாராளமாகக் கொடுத்து எல்.எச். விளைவை நிரப்பிவிடுவார்கள், அதன் பின் சூலக எடையில் தெரியும் வேறுபாடு முழுவதும் எஃப்.எஸ்.எச்.சால் வந்தது என்று கொள்ளலாம். பன்றியின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த தயாரிப்புகளில் எல்.எச். கலந்திருப்பது இயல்பு என்பதால், இந்த நுட்பம் இல்லாவிட்டால் எதை அளக்கிறோம் என்றே தெரியாமல் போய்விடும்.

ஜி.என்.ஆர்.எச். (பிட்யூட்டரியைத் தூண்டி எஃப்.எஸ்.எச்., எல்.எச். சுரக்கச் செய்வது) வகை ஊசிகளுக்கும் புரோஸ்டாகிளாண்டின் (மஞ்சள் சதையைக் கரைத்துப் பருவத்தைக் கொண்டுவருவது) ஊசிகளுக்கும் இந்தத் தொல்லை இல்லை. அவை சிறிய மூலக்கூறுகள், எச்.பி.எல்.சி. என்ற, மூலக்கூறுகளைப் பிரித்து அளக்கும் கருவியில் அளந்து மைக்ரோகிராமிலும் மில்லிகிராமிலும் குறித்துவிடலாம். அங்கும் எடை மட்டும் போதாத ஓர் இடம் உண்டு: மாட்டுக்குப் புரோஸ்டாகிளாண்டின் வகையான சாதாரண குளோப்ரோஸ்டினால் 500 மைக்ரோகிராம் போடுகிறோம், ஆனால் அதன் வலஞ்சுழி வடிவம் மட்டும் உள்ள தயாரிப்பில் 150 மைக்ரோகிராமே போதுமானதாக இருக்கிறது, ஏனெனில் வேலை செய்வது அந்த ஒரு வடிவம்தான்.

பதில்: கிராமத்து_டாக்டர்

செம்மறி_சேலம் அவர்களுக்கு வணக்கம். ஆய்வகத்துக்குப் போகும் முன் மந்தையிடமே சில கேள்விகளைக் கேட்டுவிடலாம் என்பது என் கருத்து.

"பலன் குறைந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடுகள் பருவத்துக்கே வரவில்லையா, பருவத்துக்கு வந்தும் சினை பிடிக்கவில்லையா, அல்லது சினை பிடித்து இரட்டைக் குட்டிகள் குறைந்தனவா? இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களைச் சுட்டுகின்றன. ஏற்கெனவே பருவச் சுழற்சியில் இருக்கும் பெட்டை ஆடு, பஞ்சை எடுத்து புரோஜெஸ்ட்ரோன் இறங்கியதுமே பெரும்பாலும் தானாகப் பருவத்துக்கு வந்துவிடும். பி.எம்.எஸ்.ஜி. செய்வது, சினைமுட்டைப் பைகளை வளர்த்து, மந்தை முழுவதும் சினைமுட்டை வெளிப்படும் நேரத்தை நெருக்கிக் கொண்டுவந்து, வெளிப்படும் எண்ணிக்கையைச் சற்று உயர்த்துவது. ஆகவே ஆடுகள் அடியோடு பருவத்துக்கு வரவில்லை என்றால், நான் முதலில் பஞ்சையும் தீவனத்தையும்தான் சந்தேகிப்பேன். பஞ்சு பாதியில் விழுந்துவிட்டதா, கோடையில் மேய்ச்சல் வறண்டு முதுகெலும்பு தட்டுப்படும் அளவுக்கு ஆடு இளைத்திருந்ததா என்று பார்ப்பேன். நம் ஊர்ச் செம்மறிகளுக்கு ஐரோப்பிய இனங்களைப் போல் பகல் நீளத்தைச் சார்ந்த கடுமையான பருவக் கட்டுப்பாடு கிடையாது. இங்கே தீவனமும் உடல் நிலையுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. மாறாக, பருவத்துக்கு வந்தும் நேரம் சிதறிப்போய், குறித்த மணி நேரத்தில் செய்த கருவூட்டல் வீணானது என்றால், அப்போது உங்கள் சந்தேகம் பி.எம்.எஸ்.ஜி. பக்கம் திரும்புவது பொருத்தமே.

அடுத்தது, ஊசி போடும் இடத்தில் நடப்பது. 1000 அலகுத் தூளை 5 மில்லி கரைப்பானில் கரைத்தால் ஒரு மில்லியில் 200 அலகு. 400 அலகுக்கு 2 மில்லி. இதில் கால் மில்லி குறைந்தாலே 50 அலகு போய்விடுகிறது, ஆடு துள்ளும்போது அது எளிதாக நடந்துவிடும். கரைப்பானை ஊற்றிவிட்டுக் குப்பியை வேகமாகக் குலுக்கி நுரை கிளப்புவது இந்த வகைப் புரத மருந்துக்கு ஆகாது. சாய்த்து மெல்ல உருட்டிக் கரைக்க வேண்டும். கரைத்த மருந்தைக் காலையில் தொடங்கி, பண்ணை பண்ணையாக வெயிலில் எடுத்துச் சென்று, மாலை வரை பயன்படுத்துவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். உலர்ந்த தூளாக இருக்கும்போது மருந்துக்கு இருக்கும் பாதுகாப்பு, கரைத்த பின் இருப்பதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கேட்க விரும்புவது: இரண்டாவது பேட்ச் மருந்து போட்ட ஆடுகளில் எத்தனை ஆடுகள் முந்தைய ஆண்டுகளிலும் இதே ஊசியைப் பெற்றவை? ஆட்டின் உடலுக்குக் குதிரைப் புரதம் அந்நியப் பொருள். திரும்பத் திரும்பப் போடும்போது சில ஆடுகளில் இதற்கு எதிர்ப்பான்கள் உருவாகி, ஹார்மோனை வழியிலேயே முடக்கிவிடுகின்றன. பிரான்சில் பால் வெள்ளாடுகளில் இதை விரிவாக ஆராய்ந்து, எதிர்ப்பான் மிகுந்த ஆடுகள் தாமதமாகப் பருவத்துக்கு வருவதையும் சினை விகிதம் குறைவதையும் காட்டியிருக்கிறார்கள். எல்லா ஆடுகளிலும் ஒரே அளவில் இது உருவாவதில்லை என்பதால், மந்தையில் சில ஆடுகள் மட்டும் ஏமாற்றும். அப்போது குப்பியில் முழு 1000 அலகு இருந்தும் பயன் இருக்காது.

கடைசியாக, கேள்விக்கு வெளியே ஒரு வேண்டுகோள். மாடுகளுக்கும் இந்தப் பணியைச் செய்பவர் நீங்கள் என்றால், புரோஸ்டாகிளாண்டின் ஊசியைக் கர்ப்பிணிப் பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் கையாளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது தோல் வழியாகவே உடலுக்குள் போகும்.

பதில்: கணக்கு_ஆசிரியை

கால்நடை அறிவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பிக்கிறேன். ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஒரு பேட்ச்சில் 20 ஆடுகளில் 14 சினை பிடித்தன, இன்னொரு பேட்ச்சில் 20 ஆடுகளில் 9 சினை பிடித்தன என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பதற்கு இது மிகப் பெரிய வீழ்ச்சி. ஆனால் இரண்டு மருந்துகளும் முற்றிலும் ஒன்றாகவே இருந்தாலும், இந்த அளவு வேறுபாடு தற்செயலாகத் தோன்றுவதற்குப் புறக்கணிக்க முடியாத வாய்ப்பு உண்டு. தற்செயலுக்கான அந்த வாய்ப்பு வழக்கமான 5 விழுக்காட்டு வரம்புக்குக் கீழே வராது. சினை விகிதம் உண்மையிலேயே 70 விழுக்காட்டிலிருந்து 55 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கிறதா என்பதை ஓரளவு உறுதியோடு கண்டுபிடிக்க வேண்டும் என்றால், ஒரு பேட்ச்சுக்கு ஏறத்தாழ 160 ஆடுகள் வேண்டும். சினை பிடித்தது, பிடிக்கவில்லை என்ற இரண்டே விடைகள் உள்ள அளவீடு மிகக் குறைந்த தகவலையே தருகிறது. எலியின் சூலகத்தை எடை போடுவதில் ஒவ்வோர் எலியும் ஓர் எண்ணைத் தருவதால்தான், குழுவுக்கு ஐந்தாறு எலிகளை வைத்தே ஆய்வகத்தாரால் ஒரு முடிவுக்கு வர முடிகிறது.

எனவே நீங்கள் ஒப்பிட விரும்பினால் சினை விகிதத்தை விட்டுவிட்டு, கருவூட்டலுக்குப் பின் ஏழு முதல் பத்து நாள்களுக்குள் அல்ட்ராசவுண்டு மூலம் சூலகத்திலுள்ள மஞ்சள் சதைகளை (சினைமுட்டை வெளிப்பட்ட இடத்தில் உருவாகும் திசு) எண்ணுங்கள். எத்தனை சினைமுட்டைகள் வெளிப்பட்டன என்பதை அது நேரடியாகச் சொல்லும், பி.எம்.எஸ்.ஜி.யின் வேலையும் அதுதானே. அதிலும், ஒரு மந்தைக்கு ஒரு பேட்ச் என்று ஒதுக்கக் கூடாது. ஒரே மந்தையில், ஒரே நாளில், வயதும் முந்தைய ஊசி வரலாறும் ஒத்த ஆடுகளை இரண்டு இரண்டாகப் பிரித்து, எந்த ஆட்டுக்கு எந்தப் பேட்ச் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யுங்கள். எண்ணிப் பார்ப்பவருக்கு அது தெரியக் கூடாது.

கேள்வி கேட்டவர்: செம்மறி_சேலம்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பதிவேட்டை இப்போது புரட்டிப் பார்த்தேன். இரண்டாவது பேட்ச் போட்ட ஆடுகளில் பெரும்பாலானவை பருவத்துக்கு வந்திருக்கின்றன. ஆனால் பல ஆடுகளை, கருவூட்டல் முடிந்த மறுநாள்தான் கிடா நாடிச் சென்றதாகப் பண்ணையாளர் குறித்து வைத்திருக்கிறார். ஆக, நேரம் தள்ளிப்போயிருக்கிறது. இன்னொரு பக்கம், கிராமத்து_டாக்டர் ஐயா கேட்டதுபோல், அந்த மந்தையில் மூத்த ஆடுகள் அதிகம். அவற்றில் பல முன்பும் இந்த ஊசியைப் பெற்றவை. முதல் பேட்ச்சோ பெரும்பாலும் முதல் ஈற்றுப் பெட்டைகளுக்குப் போடப்பட்டது. மருந்தும் ஆடும் ஒரே நேரத்தில் மாறியிருப்பதால், இப்போதைய பதிவுகளைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை என்பது புரிகிறது. முதல் பேட்ச்சில் திறக்காத குப்பிகள் வேறொரு பண்ணையில் எஞ்சியிருக்கின்றன. அவற்றைக் கொண்டு கணக்கு_ஆசிரியை அம்மா சொன்ன முறையில் ஒப்பிட்டுப் பார்க்க ஏற்பாடு செய்கிறேன்.

மூன்றாவது கேள்விக்கு மட்டும் இன்னும் விடை வேண்டும். ஒருவேளை மருந்தின் மீதே சந்தேகம் உறுதியானால் என்ன செய்வது? கல்லூரியில் எலிகளை வைத்து நாங்களே சோதித்துவிட முடியுமா?

பதில்: ஆய்வகம்_ஓய்வு

நீங்களே எலிச் சோதனை செய்ய வேண்டாம். நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் அதைத் தொடங்கவே கூடாது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1998-ஆம் ஆண்டு விதிகள் அதை வலியுறுத்துகின்றன. ஒப்புதல் கிடைத்தாலும், ஒப்பீட்டுத் தரமாதிரியும் பழகிய கையும் இல்லாமல் எடுக்கும் எண்ணை எந்த அலுவலகமும் ஏற்காது. அதற்காக எலிகளைக் கொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சட்டத்தில் எளிய வழி இருக்கிறது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம் விலங்குகளுக்கான மருந்துகளுக்கும் பொருந்தும். அதன் 26-ஆம் பிரிவின்படி, மருந்தை வாங்கிய எவரும் உரிய கட்டணம் செலுத்தி அதை அரசு மருந்துப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, கையொப்பமிட்ட அறிக்கையைப் பெற உரிமை உண்டு. உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரை முதலில் பாருங்கள். இது உயிரியல் மதிப்பீடு தேவைப்படும் மருந்து என்பதைச் சொல்லி, அதைச் செய்யும் வசதி எந்த ஆய்வகத்தில் உள்ளது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதே நாளில் உற்பத்தி நிறுவனத்துக்கும் எழுதி, அந்தப் பேட்ச்சின் பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேளுங்கள். சான்றிதழ் வந்ததும் அதில் கணக்கிட்ட வீரியமும் நம்பிக்கை எல்லைகளும் எண்களாகத் தரப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். "தேறியது" என்ற ஒரு சொல்லோடு வந்தால் எண்களைக் கேட்டு மீண்டும் எழுதுங்கள். இரண்டு பேட்ச்சுகளின் எண்களும் கைக்கு வந்தால், பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

அதுவரை, இரண்டு பேட்ச்சுகளிலும் திறக்காத குப்பிகள் சிலவற்றை வாங்கிய ரசீதோடும் வெளி அட்டையோடும் தனியே எடுத்து, உறைநிலைப் பெட்டியில் அல்லாமல் அட்டையில் குறித்த வெப்பநிலையிலேயே வையுங்கள். அந்தக் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையை நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சோதனையில் வீரியம் குறைவு என்று வந்தால் நிறுவனம் முதலில் கேட்கப்போவது, அந்தக் குப்பி உங்களிடம் எப்படி இருந்தது என்பதைத்தான்.